விரலுக்கு மட்டும் தெரிந்த எண்

காலை ஒன்பது நாற்பதுக்குக் கணினி கடவுச்சொல் கேட்டது.

எட்டு நாளாக அது எதையும் கேட்கவில்லை. வேலை முடிந்தால் தூங்க வைப்போம். தொட்டால் விழிக்கும். முழுதாக அணைத்ததே கிடையாது. இன்றைக்கு அணைந்தது. நான்தான் அணைத்தேன்.

கிளம்பும்போது மனைவி ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்.

"அதைத் தொடாதீங்க."

நானாகப் போய்த் தொடவில்லை. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதுப்பிப்புகள் தயாராக உள்ளன, மறுதொடக்கம் செய்யலாமா என்று கேட்டது. மரியாதையாகக் கேட்டது. நான் ரொட்டி சுடுகிறவன். ஊர் தூங்கும்போது மாவோடு மல்லுக்கட்டிவிட்டு எட்டு மணிக்கு வீடு வருகிறவன். அந்த நேரத்தில் யார் எதை மரியாதையாகக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன்.

கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வரி. வட்டின் கடவுச்சொல்லைத் தருக. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுங்கியது.

கடவுச்சொல் எனக்குத் தெரியாது.

இதை விளக்கினால் நான் முட்டாளாகத் தெரிவேன். விளக்காவிட்டாலும் அப்படித்தான்.

எங்கள் கணினிக்கு வயது பதினொன்று. பழைய அமைப்பில் அது எழுந்து உட்காரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் குளித்துவிட்டு வரலாம். வந்தாலும் முனகிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, பென்குயின் சின்னம் கொண்ட லினக்ஸ் என்ற அமைப்பைப் போட்டால் கிழட்டுக் கணினியும் ஓடும் என்று என் நண்பன் சொன்னான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "மேனுவலைப் படிச்சியா?" என்பான். அதனால் அவனுக்கு மேனுவல் என்றே பெயராகிவிட்டது.

மனைவி யோசித்தாள். அவள் கட்டட வரைபடம் வரைகிறவள். அவளுடைய வேலை முழுக்க அந்தக் கணினியில்தான்.

"போடுங்க. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் வேலை நின்னாலும் அந்தப் பென்குயினை வெளிய வச்சிடுவேன். உங்களையும் சேர்த்து."

"மாப்பிள்ளை எங்கடி போவாரு?" என்றார் அத்தை.

"பென்குயின் எங்க போகுதோ அங்க."

அத்தை என் மனைவியின் அம்மா. எங்களோடு இருக்கிறார். பால் பண்ணை ஒன்றின் எடைமேடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறும். அத்தை சன்னல் வழியாகப் பார்ப்பார். வண்டி எண், வெற்று எடை, சரக்கு எடை. இடது கையில் தேநீர் இருக்கும். வலது கை விசைப்பலகையின் வலது ஓரத்தில், எண்கள் மட்டும் இருக்கும் கட்டத்தில், தானாக ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். கை ஓய்வு பெறவில்லை.

லினக்ஸ் போட்ட வாரம் சின்னச் சின்னத் தொல்லைகள் வந்தன. வைஃபை வரவில்லை. அதற்கு ஒரு மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும் என்றது. இணையத்துக்கு வைஃபை வேண்டும். அரை நாள் அந்த வட்டத்தில் சுற்றினேன். மேனுவல் வந்து தன் ஃபோனை ஒரு கம்பியால் கணினியோடு கட்டி இறக்கிக் கொடுத்தான். அப்புறம் ஒலி வரவில்லை. இரண்டு நாள் இணைய மன்றங்களில் தேடினேன். ஏழு கட்டளைகள் போட்டேன். கடைசியில் ஒலிபெருக்கியின் ஒயர் கழன்றிருந்தது தெரிந்தது. கூட்டும்போது நானே கழற்றியிருந்தேன். பிரின்டர் எல்லாவற்றையும் பக்கவாட்டில் அடித்தது. "நாம பக்கவாட்டுல படுத்துப் படிச்சா சரியா இருக்கும் மாப்ளே" என்றார் அத்தை. அதையும் சரி செய்தேன். நான் கொஞ்சம் திமிராகவே இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

இனி கடவுச்சொல்.

நிறுவும்போது அது கேட்டது: எல்லாம் சேமித்திருக்கும் வட்டு முழுவதையும் பூட்டவா? பூட்டிவிட்டால் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் எதையும் படிக்க முடியாது. பூட்டு என்றேன்.

"எதுக்கு மாப்ளே?"

"திருடன் வந்தா அத்தை?"

"திருடன் வந்தா இதைப் பார்த்துப் பாவப்பட்டு, வேற ஒண்ணு வாங்கி வச்சுட்டுப் போவான்."

என் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். பாதி முயற்சிகூட வேண்டாம் அவளுக்கு. ஆகவே அத்தையிடம் நாற்காலியைத் தள்ளினேன்.

"ஒரு எண் அடிங்க. யாராலும் கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும்."

அத்தை விரல்களை நீட்டி மடக்கினார். அடித்தார். ஓட்டுக்கூரையில் மழை விழுவதுபோல ஒரு சத்தம். இன்னொரு தடவை உறுதி செய்யச் சொன்னது. இன்னொரு மழை. இரண்டும் பொருந்தின.

நிறுவி முடித்துக் கணினி மறுபடி எழுந்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல் கேட்டது. அத்தை விசைப்பலகையை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் ஒரு தட்டு. அப்புறம் மழை. திறந்துகொண்டது.

"என்ன எண் அத்தை?"

"தெரியலையே. கை அடிச்சுது."

எனக்குப் பெருமையாக இருந்தது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத கடவுச்சொல். அந்த ஒருவரில் நாங்களும் அடக்கம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று இரவு படுத்ததும் மனைவி புகார் சொன்னாள். கணினி படுக்கையறையில் இருக்கிறது. விசைப்பலகையின் மூலையில் உள்ள சின்னப் பச்சை விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றாள். எழுந்து கறுப்பு டேப்பை எடுத்து ஒட்டினேன். நல்ல கணவன் என்று அப்போதைக்குப் பெயர் கிடைத்தது.

இது எட்டு நாள் முந்தைய கதை. இப்போது மணி ஒன்பது நாற்பத்தைந்து. சமையலறையில் அத்தை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு நிமிஷம் வாங்க. அந்த எண்ணைக் கொஞ்சம் அடிங்க."

"ஏன், உங்க பொண்டாட்டி தொடாதீங்கன்னு சொன்னாளே?"

"நான் தொடலை. அதுவா கேட்டுது."

அத்தை என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விசைப்பலகையின் மூலையை ஒரு கணம் பார்த்தார். ஏதோ குறைகிற மாதிரி தலையைச் சாய்த்தார். பிறகு அடித்தார்.

"திரையில ஒண்ணுமே வரலையே மாப்ளே."

"வராது அத்தை. புள்ளிகூடக் காட்டாது. லினக்ஸ்ல அது பாதுகாப்பு." இதை நான் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்.

தவறான கடவுச்சொல் என்றது.

மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது தடவையும் தவறு. மூன்றுக்குப் பிறகு அது புரியாத ஒரு வரியைக் காட்டி மரம்போல நின்றுவிட்டது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். மறுபடி கேட்டது. மறுபடி மூன்று தவறு.

"அன்னைக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"இல்லை."

கண்ணாடியைக் கழற்றினார். தவறு. கண்ணை மூடினார். தவறு. இடது கையில் தேநீர் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அடித்தார். தவறு.

"தேநீர் நல்லா இருக்கு" என்றார்.

பத்தேகாலுக்கு மனைவி கூப்பிட்டாள். பின்னால் சுத்தியல் சத்தம்.

"நூலகத்துலதான் இருக்கேன். நான் நினைச்சது சரி. வாசல் பக்கத்துச் சுவர் கோணல். ஒரு படியோட அகலத்தை மட்டும் மாத்தணும். ஃபைலைத் திறந்து வச்சிடுங்க. வந்ததும் மாத்தி அனுப்பிடறேன்."

"சரி."

"பன்னெண்டு மணிக்குள்ள போகணும். பன்னெண்டு ஒண்ணுன்னா வாங்க மாட்டாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. பதினாறு வருஷமாக வரைகிறாள். அவள் வரைந்த எல்லாவற்றிலும் கீழ் மூலையில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். முதல் தடவையாக ஒரு வேலைக்கு அவளே போட்டியிடுகிறாள். பழைய நூலகத்துக்குள் ஒரு படிக்கட்டு. மூன்று வாரம் வரைந்தாள். போன ஞாயிறு அந்தக் கீழ் மூலையில் தன் பெயரை எழுதிவிட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். பிறகு சிறிதாக்கினாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்ன சத்தத்தையே காணோம்? திறந்தாச்சா?"

"திறந்துகிட்டு இருக்கு."

"என்ன திறந்துகிட்டு இருக்கு? அது என்ன பூவா?"

"பழைய கணினி இல்லையா…"

"வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மேனுவலைக் கூப்பிட்டேன். அவன் குரல் கிணற்றிலிருந்து வந்தது. லிஃப்ட் குழிக்குள் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க மாமியாரு கையால போட்ட கடவுச்சொல்லை நீ எழுதி வைக்கலை."

"இல்லை."

"சரி, பேக்கப் இருக்கா?"

"அதெல்லாம் இருக்கு."

"அப்பாடா. எங்க இருக்கு?"

"கணினியிலதான். பேக்கப்னே ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருக்கேன்."

குழிக்குள் ஏதோ ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"டேய். மாத்துச் சாவியை வீட்டுக்குள்ள வச்சு வீட்டைப் பூட்டியிருக்கே."

"உடைக்க முடியாதா?"

"உடைக்க முடியாதுன்னுதானே அதுக்குப் பேரு. நீ செத்து, உன் பேரன் செத்து, அப்புறமும் திறக்காது. மேனுவல்ல முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்." கொஞ்சம் இரங்கினான் போல. "இங்க பாரு. அவங்க கை மறந்திருக்காது. வேற எதுலயாவது எண்ணைத் தட்டச் சொல்லு. பார்த்து எழுது. நீ அடி. லிஃப்ட் வருது, வைக்கிறேன்."

ஃபோன் கையிலேயே இருந்தது. அதில் எண் பலகையும் திறந்தே இருந்தது. அதை அத்தையிடம் நீட்டினேன். ஒரு விரல் தள்ளிக் கால்குலேட்டர் இருந்தது. அதை நீட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"பார்க்காதீங்க. யோசிக்காதீங்க. சன்னல் வழியா லாரியைப் பார்க்கிற மாதிரி எதிர்ச் சுவரைப் பாருங்க. தட்டுங்க."

அத்தை சுவரைப் பார்த்தார். விரல்கள் தட்டின. பதிமூன்று எண்கள். எழுதிக்கொண்டேன். அழித்துவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். அதே பதிமூன்று. மூன்றாவது தடவையும் அதே.

3917284087120.

"அத்தை! நீங்க தெய்வம்."

"முதல்ல அடிச்சுப் பாருங்க."

எனக்கு விசைப்பலகையின் மேல் வரிசைதான் பழக்கம். ஓர் எண்ணாகத் தேடி, சொல்லிச் சொல்லி அடித்தேன். தவறு. ஓர் எண்ணை விட்டிருப்பேன் என்று நினைத்தேன். அத்தை சொல்லச் சொல்ல அடித்தேன். தவறு.

தாளை முறைத்தேன். பொய் சொல்கிறவர்கள்கூட மூன்று தடவையும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள்.

மணி பதினொன்று பதினைந்து.

"மாப்ளே," என்றார் அத்தை, "நான் அவகிட்டப் பேசிடறேன். அம்மா சொன்னா பாதித் திட்டு வழியிலேயே உதிர்ந்துடும். மீதியை நீங்க வாங்கிக்கோங்க."

மறுக்கவில்லை. எனக்குச் சொல்லும் தைரியம் இல்லை.

அத்தைக்கு ஃபோனில் பெயரை அழுத்திக் கூப்பிடுவது பிடிக்காது. எண்ணைத் தட்டினால்தான் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது என்பார். நிதானமாகப் பார்த்துத் தட்டினால் சரியாகப் போகும். அவசரத்தில் தட்டினால் தப்பான இடத்துக்குப் போகும். எப்போதும் ஒரே தப்பான இடம்தான். ஒரு டயர் கடை. அந்தக் கடைக்காரரை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய முதுகுவலி எங்களுக்குத் தெரியும். அவர் மகன் எந்தப் பாடத்தில் தோற்றான் என்றும் தெரியும்.

அத்தை தன் ஃபோனில் அவசரமாகத் தட்டினார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"சொல்லுங்கம்மா," என்றது ஓர் ஆண் குரல். "இன்னைக்கும் நான்தான்."

"அடடா. தம்பி, வைக்கிறேன். பொண்ணுகிட்ட அவசரமாப் பேசணும்."

"அவசரம்னாத்தானே எனக்கு வருவீங்க. இருங்க, உங்க பொண்ணு நம்பரை நான் சொல்றேன், பார்த்துத் தட்டுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானேம்மா ஒருநாள் சொன்னீங்க. சுவத்துல எழுதி வச்சிருக்கேன். காத்தழுத்தப் பட்டியல் இருக்குல்ல, அதுக்குக் கீழ. வாரத்துக்கு நாலு தடவை வந்தா நானும் என்னதான் செய்யறது? எழுதிக்கோங்க."

நான் எழுதினேன். மனைவியின் எண் எனக்கு மனப்பாடம் கிடையாது. இது அவளுக்குத் தெரியாது.

ஃபோன் திரையில் அத்தை தட்டிய எண், அதாவது டயர் கடையின் எண், நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். தாளையும் பார்த்தேன். பிறகு அதை இதற்குக் கீழே எழுதினேன்.

மகள்: 6554 274183.

டயர் கடை: 6554 814729.

முதல் நான்கும் ஒன்று. அப்புறம் இரண்டுக்கு எட்டு. ஏழுக்கு ஒன்று. நான்குக்கு நான்கு. ஒன்றுக்கு ஏழு. எட்டுக்கு இரண்டு. மூன்றுக்கு ஒன்பது.

ஃபோனைப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. விசைப்பலகையின் எண் கட்டத்தைப் பார்த்தேன். மேல் வரிசையில் ஏழு, எட்டு, ஒன்பது. கால்குலேட்டரிலும் அப்படித்தான்.

இரண்டும் எத்தனையோ வருஷமாக என் கண் முன்னால் இருக்கின்றன. ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"அத்தை, உங்க கை இன்னும் எடைமேடையிலதான் இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க எண்ணைத் தட்டறதில்லை. இடத்தைத் தட்டறீங்க. அந்தக் கட்டத்துல ஒண்ணு கீழே இருக்கு, ஃபோன்ல அதே இடத்துல ஏழு இருக்கு. ரெண்டு வருஷமா ஃபோனைத் தலைகீழாத் தட்டிகிட்டு இருக்கீங்க."

"அம்மாடி!" என்றார் டயர் கடைக்காரர். "அதான் எனக்கே வருதா? நான் ஏதோ ராசின்னு நினைச்சேன்."

பதிமூன்று எண்களையும் திருப்பினேன். நான்கு, ஐந்து, ஆறு நடு வரிசை. அவை மாறாது. சைபர் இரண்டிலும் அடியில். மற்றதெல்லாம் இடம் மாறியது. சத்தமாகப் படித்தேன்.

"தொண்ணூத்தி மூணு எழுபத்தி ஒண்ணு. எட்டாயிரத்து இருநூத்தி நாப்பது. இருபத்தி ஓராயிரத்து எழுநூத்தி எண்பது."

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பால் டேங்கர்! அது அந்தப் பால் டேங்கர் மாப்ளே! ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வரும். வண்டி நம்பர், வெத்து எடை, ரொம்பின எடை. டேங்கு ரொம்பிடுச்சுன்னா எப்பவும் ஒரே எடைதான். முதல்ல எழுநூத்தி எழுபது இருந்துச்சு. டிரைவருக்குக் கல்யாணம் ஆச்சு, எண்பது ஆயிடுச்சு."

"பத்து கிலோவா?" என்றார் டயர் கடைக்காரர்.

"நல்லா சமைப்பா."

அடித்தேன். தொண்ணூற்று மூன்று எழுபத்தொன்று. எட்டு இரண்டு நான்கு சைபர். இரண்டு ஒன்று ஏழு எட்டு சைபர். ஒவ்வோர் எண்ணுக்கும் அத்தையின் விரல் காற்றில் அசைந்தது. என்டர்.

திரை கறுப்பாகவே இருந்தது.

கறுப்பாகவே இருந்தது.

பிறகு தவறு என்று சொல்லாமல் வேறு ஏதோ சொன்னது. இன்னொரு வரி வந்தது. பத்து வரிகள் ஓடின. நீலத் திரை விரிந்தது. மூலையில் மனைவியின் வரைபடம் ஒரு சின்னச் சதுரமாக உட்கார்ந்திருந்தது, எதுவுமே நடக்காததுபோல.

அத்தை என் தலையில் குட்டினார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

வாசலில் சாவி திரும்பியது. மணி பதினொன்று முப்பத்தைந்து. அத்தை ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

மனைவி உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"ஃபைலைத் திறந்து வச்சிட்டோம்" என்றேன். அந்த நொடியில்தான் திறந்தேன்.

உட்கார்ந்தாள். படிக்கட்டு திரையில் எழும்பியது. மூன்றாம் படியைத் தொட்டாள். அகலத்தை மாற்ற எண் கட்டத்தில் அடித்தாள். அவளும் எண் கட்டத்தில்தான் அடிப்பாள். அம்மாவின் கை.

எண் வரவில்லை. வரைபடம் திரையில் இடப்பக்கம் ஓடியது. மறுபடி அடித்தாள். மேலே ஓடியது.

"என்ன ஆச்சு இதுக்கு?"

நான் சட்டைப் பையைத் தடவினேன்.

"ஏங்க. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலை."

"ஒண்ணும் செய்யாதவங்க முகம் இப்படி இருக்காது." மூலையில் எதையோ தேடினாள். "இங்க இருந்த விளக்கு எங்க? யாரு டேப் ஒட்டினது?"

"நீதானே கண்ணைக் குத்துதுன்னு…"

நகத்தால் டேப்பைப் பிய்த்தாள். கீழே விளக்கு அணைந்திருந்தது. எண் கட்டத்தின் மூலையில் இருந்த விசையை ஒரு தட்டு தட்டினாள். பச்சை எரிந்தது. அகலத்தை அடித்தாள். வந்தது.

"பூட்டி இருந்திருக்கு," என்றாள். "இது எரியலைன்னா இந்தப் பக்கத்துல எண்ணே வராது. வேற எது எதுவோதான் ஓடும். இதுகூடத் தெரியாம டேப் ஒட்டியிருக்கீங்க."

"பச்சை விளக்கு!" என்றார் அத்தை. "அதான் நானும் பார்த்தேன், அங்க என்னமோ இல்லையேன்னு. உட்கார்ந்ததும் அதைப் பார்ப்பேன், எரியலைன்னா ஒரு தட்டு தட்டுவேன். அப்படின்னா நான் முதல் தடவையே சரியாத்தான் அடிச்சிருக்கேன்!"



"எதை அடிச்சே?" என்றாள் மனைவி.

அத்தை என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

"முதல்ல அனுப்பு," என்றேன். "பதினொண்ணு நாப்பத்தி ரெண்டு."

அவள் திரும்பினாள். கோணல் சுவரை ஒருமுறை சரிபார்த்தாள். கீழ் மூலையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா? திறந்துச்சாம்மா?"

மனைவி கண்ணைத் திறந்தாள்.

"யாரு அது?"

"டயர் கடை" என்றார் அத்தை.

"டயர் கடை ஏன் தலையணைக்கு அடியில இருக்கு?"

சொன்னோம். நான் பாதி, அத்தை பாதி. விட்ட இடத்தில் டயர் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எங்களைவிட நன்றாகச் சொல்ல வந்தது. மனைவி நடுவில் இரண்டு தடவை சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

"வேலை நிக்கலை," என்றேன். "நீ வந்தே. உட்கார்ந்தே. அனுப்பினே. பென்குயின் மேல குத்தம் இல்லை."

"பென்குயின் மேல குத்தம்னு யாரு சொன்னா? அது மரியாதையா ஒரு கேள்வி கேட்டுது. நீங்கதான் சரின்னீங்க." ஃபோன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ரொம்ப நன்றி. அரை மணி நேரம் லைன்ல இருந்திருக்கீங்க, கடையை விட்டுட்டு."

"பரவாயில்லம்மா. பாதியில வச்சா மனசு கேக்குமா? கஸ்டமர்கூட ரெண்டு பேரு நின்னு கேட்டுகிட்டு இருக்காங்க." தொண்டையைச் செருமினார். "அப்புறம், இனிமே நீங்க கவலைப்பட வேண்டாம். மாப்பிள்ளை சார் சத்தமாப் படிச்சாருல்ல, அந்தப் பதிமூணு நம்பரையும் எழுதிட்டேன். சுவத்துல. உங்க நம்பருக்குக் கீழேயே."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாத கடவுச்சொல்" என்றாள்.

மாலையில் மேனுவலிடம் சொன்னேன். கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்று என்றான். பிறகு யோசித்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் டயர் கடைச் சுவரை மேனுவலில் அவன் பார்த்ததில்லை என்றான். மாற்றினேன். மனைவியின் வேலைகளுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன். டேப்பை மறுபடி ஒட்டவில்லை. இரவில் அந்தப் பச்சை விளக்கு எரிகிறது. யாரும் புகார் சொல்வதில்லை.

இருபது நாள் கழித்து நூலகத்திலிருந்து வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எடுத்தது அத்தை. படிக்கட்டு உங்கள் மகளுக்குத்தான் என்று சொன்னார்களாம். மகளுக்கு உடனே சொல்ல வேண்டும். அத்தை ஃபோனை எடுத்து அவசரமாகத் தட்டினார்.

எங்கள் எல்லோருக்கும் முன்னால் டயர் கடைக்காரருக்குத் தெரிந்தது.